எட்டுப் புளியங்கொட்டை

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாலு வயதுக் குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்தி, "மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு" என்போம். அதுவும் மூச்சு விடாமல் சொல்லும். இருபத்தொன்பதுக்கு அப்புறம் நேராக ஐம்பதுக்குத் தாவினாலும் யாரும் கவனிப்பதில்லை. கைதட்டல், ஒரு பிஸ்கட், அவ்வளவுதான்.

அடுத்த முறை இதையும் செய்து பாருங்கள். எட்டுப் புளியங்கொட்டையைத் தரையில் வரிசையாக வைத்து, "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டு எட்டு வரை எண்ணும். எண்ணி முடித்ததும், "சரி, அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். என் அக்கா மகளிடம் இதை விடாமல் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் எட்டு வரை எண்ணினாள். நான்காவது முறை கேட்டபோது, இந்த மாமாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தப்பு அவளிடம் இல்லை. அவளைப் பொறுத்தவரை 'எத்தனை' என்பது 'எண்ணிக் காட்டு' என்ற உத்தரவு. உத்தரவை நிறைவேற்றிவிட்டாள், பிறகு என்ன கேள்வி? எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்லே அந்த மொத்தக் குவியலின் அளவு என்பது அவளுக்கு இன்னும் எட்டவில்லை. பெரியவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே தோன்றாது. பாலர் கல்வியில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

எண்ணுவது ஒரே திறமை அல்ல, பல திறமைகளின் கட்டு என்று 1978-இல் ரோஷெல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொல். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசிச் சொல்தான் மொத்தம். எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் விடை ஒன்றுதான். இதில் விருந்தாளி முன்னால் அரங்கேறுவது இரண்டாவது மட்டும். அதற்குப் பாட்டு மனப்பாடம் ஆகும் மூளை போதும். மற்ற நான்கும் பொருளைக் கையில் எடுத்து வைத்தால்தான் வரும்.

1990-இல் உளவியலாளர் கேரன் வின் செய்த சோதனை இன்னும் எளிது. குழந்தையின் முன்னால் ஒரு குவியல் பொம்மை. "எனக்கு மூணு கொடு" என்று கேட்க வேண்டியதுதான். பத்து வரை சரளமாகச் சொல்லும் குழந்தைகள்கூட ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். இதே முறையில் அப்புறம் எத்தனையோ சோதனைகள் நடந்தன. அவற்றில் தெரிந்தது, குழந்தை முதலில் 'ஒன்று' என்றால் என்ன என்று மட்டும் புரிந்துகொள்கிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு'. இன்னும் சில மாதங்கள் கழித்து 'மூன்று'. அதன் பிறகுதான் ஒரு நாள் பொறி தட்டி, மீதி எண்கள் எல்லாம் இப்படித்தான் என்று பிடிபடுகிறது. அது பெரும்பாலும் நாலு வயதை ஒட்டி. அதாவது, எல்கேஜி சேர்க்கும் வயதில் பல குழந்தைகள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்கிறார்கள். நாம் அவர்கள் கையில் நோட்டைக் கொடுத்து ஒன்று முதல் ஐம்பது வரை எழுதி வரச் சொல்கிறோம்.

சரி, விளையாட்டு இதில் என்ன செய்கிறது? பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக.

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காய் என்று வைத்துத் தொடங்குவது பல ஊர் வழக்கம். ஒரு குழியிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழிக்கு ஒரு காய்: கெல்மனும் காலிஸ்டலும் சொன்ன முதல் விதி இதுதான். அவசரத்தில் ஒரு குழியில் இரண்டு விழுந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி விடமாட்டார், "ரெண்டு போட்டுட்ட, எடு" என்பார். திருத்தம் அந்த நொடியிலேயே கிடைக்கிறது, சிவப்பு மை இல்லாமல். அப்புறம் 'பசு'. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது காய் விழுந்துவிட்டால் பசு போச்சு. எனவே குழந்தை எண்ணிக்கொண்டிருக்க முடியாது, பார்த்தவுடன் 'நாலு' என்று தெரிய வேண்டும். மனிதக் கண் எண்ணாமலே ஒரு பார்வையில் அறியக்கூடிய அளவும் ஏறக்குறைய நான்குதான். அதற்கு மேல் போனால் நாமும் எண்ணுகிறோம் அல்லது கூறு பிரித்துப் பார்க்கிறோம். பசுவுக்கு நான்கு என்று வைத்தவர் யாரோ, எதையோ கவனித்தவராக இருக்க வேண்டும்.

(இடையில் ஒன்று. பழைய பல்லாங்குழிப் பெட்டியில் சோழி, புளியங்கொட்டையோடு சில வீடுகளில் குன்றிமணியும் கிடக்கும். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகு, ஆனால் கடுமையான நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படித்தான். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் முதலில் வெளியே போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். தேங்காய்ச் சிரட்டை மாதிரிப் பெரிதாகத் தேடுங்கள்.)

பலகை விளையாட்டைப் பற்றி நேரடியான சோதனையே இருக்கிறது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் பாலர் பள்ளிகளில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்டது. ஒரு நேர்கோட்டில் பத்துக் கட்டங்கள், ஒன்று முதல் பத்து வரை எண் போட்டவை. இரண்டு வாரங்களில் நான்கு தடவை, தடவைக்குக் கால்மணி நேரம் போல விளையாட வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கும் அதே பலகைதான், ஆனால் எண்ணுக்குப் பதில் வண்ணங்கள். எண் பலகையில் விளையாடிய குழந்தைகள் எண்ணுவதிலும், எது பெரிய எண் என்று சொல்வதிலும் நன்றாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. வண்ணப் பலகைக் குழுவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு குழுவும் விளையாடியதுதான். இரண்டு குழுவும் சிரித்ததுதான். 'விளையாட்டு வழிக் கல்வி' என்று பள்ளி வாசலில் பலகை மாட்டுவோர் இந்த வண்ணப் பலகைக் குழந்தைகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014-இல் சொன்ன ஒரு சின்ன விஷயம். நூறு கட்டப் பலகையில் குழந்தை பதினான்கில் நிற்கிறது, தாயக்கட்டையில் மூன்று விழுகிறது. நம் வீட்டுப் பரமபதத்தில் என்ன செய்வோம்? "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று காயைத் தட்டித் தட்டி நகர்த்துவோம். அப்படி விளையாடியவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. "பதினைந்து, பதினாறு, பதினேழு" என்று கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணையே சொல்லி நகர்த்தியவர்கள்தான் எண்களின் அளவைக் கற்றார்கள். பலகையும் கட்டையும் மாறவில்லை. வாயில் வரும் சொல் மாறியது, கண் கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்தது.

அதனால் விளையாட விட்டால் போதும், தானாக வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு டெல்லிக்குப் போக வேண்டும்.

பொருளாதார வல்லுநர் எஸ்தர் டஃப்லோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டோர் அங்கே 214 பாலர் பள்ளிகளில், சராசரியாக ஐந்து வயதை நெருங்கிய 1,540 குழந்தைகளிடம் ஒரு பெரிய சோதனை நடத்தி 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு மாதங்கள் கணித விளையாட்டுகள்: எந்தச் சீட்டில் புள்ளி அதிகம், எந்த உருவம் கூட்டத்தில் சேராதது என்ற மாதிரி. குழந்தைகள் விளையாட்டில் பழகிய திறன்களில் தெளிவாக முன்னேறினார்கள், ஓராண்டு தாண்டியும் அது போகவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு பள்ளிக் கணக்கில் மற்றவர்களைவிட அவர்கள் ஒரு படிகூட முந்தவில்லை. விளையாட்டில் சேர்ந்த அறிவு ஒரு பக்கம், பாடப் புத்தகக் கணக்கு ஒரு பக்கம் என்று நின்றுவிட்டது.

இதன் மறுபக்கத்தை டஃப்லோ, ஸ்பெல்கே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2025-இல் காட்டினார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் காய்கறி விற்கும் சிறுவர்கள் எண்ணூறு கிராம் உருளைக்கு, ஒரு கிலோ நானூறு கிராம் வெங்காயத்துக்கு மனக்கணக்கில் பணம் சொல்லி மீதிச் சில்லறையும் கொடுத்துவிடுகிறார்கள். அதைவிட எளிய கழித்தலை நோட்டில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளைக் கடைக் கணக்குக்கு நிறுத்தினால் அவர்கள் திணறுகிறார்கள். கைக் கணக்கும் ஏட்டுக் கணக்கும் ஒரே தலைக்குள் முகம் பாராமல் குடியிருக்க முடியும் என்று தெரிகிறது. நம் ஊரில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்ததும் கால்குலேட்டரைத் தொடாத அண்ணாச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல.

ஆக, சிக்கல் விளையாட்டா சிலேட்டா என்பதில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது யார், எப்போது என்பதில்தான் இருக்கிறது.

அந்தப் பாலத்துக்கு நான் பார்த்த நல்ல மாதிரி நூறு வருடத்துக்கு மேல் பழையது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், கதிர்ப்பெட்டி என்று சொல்லத்தக்க ஒரு மரப்பெட்டி உண்டு. பத்து அறைகள், மேலே 0 முதல் 9 வரை எழுதியிருக்கும். கூடவே நாற்பத்தைந்து மரக்கதிர்கள், நூல் நூற்கும் கதிர் போன்ற குச்சிகள். ஒன்று என்ற அறையில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று குழந்தை கையில் எண்ணிப் போட வேண்டும். இதற்கு முன் குழந்தை வேறு இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்து முடித்திருக்கும்: பத்துச் சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளும் எண் கோல்களைத் தூக்கி அடுக்கியது; உப்புத்தாளில் வெட்டிய எண் உருவங்களை விரலால் தடவியது. அளவு தனி, உருவம் தனி. கதிர்ப்பெட்டியில் இரண்டும் சந்திக்கின்றன. சரியாகப் போட்டால் கடைசியில் கதிர் மிஞ்சாது, போதாமலும் போகாது. எங்காவது தவறினால் ஒன்பது என்ற அறை காட்டிக்கொடுக்கும். எல்லாம் போட்ட பிறகு சுழியம் என்ற அறை காலியாகவே இருக்கும். "இதுல ஏன் ஒண்ணும் இல்ல?" என்று குழந்தை கேட்டால் சுழியத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மாண்டிசோரிக்கு நம் ஊர்த் தொடர்பும் உண்டு. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு, அதன் தலைவர் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி அழைப்பில் வந்தார். சில மாதப் பயிற்சிதான் திட்டம். சுமார் முந்நூறு பேர் பயின்றார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு மகன் மாரியோவைத் தடுப்புக்காவலில் வைத்தது, மாண்டிசோரியை வெளியே போகவிடாமல் வைத்தது. அவரது எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மகனை விடுவித்தார்கள். 1942 முதல் இரண்டு வருடம் போலக் கொடைக்கானலில் இருந்தார். 1946 வரை ஐரோப்பா திரும்பவில்லை. இவ்வளவும் இங்கே நடந்தும், இன்று 'மாண்டிசோரி' என்ற பெயர் தெருவுக்கு ஒரு போர்டில் தொங்கும் கட்டண வசூல் சொல்லாகிவிட்டது. உள்ளே போனால் அந்த மரச்சாமான்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும். பெற்றோர் வரும் நாளில் திறப்பார்கள்.

மணலில் விரலால் எழுதுவதும் இங்கே புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் வாயால் சொல்லிக்கொண்டே மணலில் எழுதினார்கள். மலபார்ப் பிள்ளைகள் அப்படி எழுதுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் அதைக் கொண்டுவந்து, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' ஆனது. அதற்காகத் திண்ணைப் பள்ளியை விளையாட்டுக் கூடம் என்று சொல்ல முடியாது. அது மனப்பாடத்தின் கோட்டை, பிரம்பும் உண்டு.

தமிழில் எண்ணும் குழந்தைக்கு ஒரு சொத்து தானாகவே கிடைத்திருக்கிறது. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்று சொல்லும்போதே 'பத்தும் ஒன்றும்', 'பத்தும் மூன்றும்' காதில் விழுகிறது. ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டு 1995-இல் வந்த ஆய்வில் பத்து வரை எண்ணுவதில் வித்தியாசமே இல்லை. பதினொன்றிலிருந்துதான் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினார்கள். சீனத்தில் பதினொன்று என்பது 'பத்து-ஒன்று'. நம்மிடமும் ஒன்பதின் குடும்பம் மட்டும் முரண்டு பிடிக்கும்: தொண்ணூறு, தொள்ளாயிரம். அதை விட்டுத்தள்ளினால் வழி சீரானது. பத்துக் கொட்டையை ஒரு சிரட்டையில் போட்டு, பக்கத்தில் மூன்றை வைத்து "பதின்மூன்று" என்று சொன்னாலே இடமதிப்பின் விதை விழுந்துவிடும். இதை விட்டுவிட்டு மூன்று வயதில் தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் நடுவில் குழந்தையை அலையவிடுகிறோம்.

அந்தப் பாலம் பார்வைக்கு எப்படி இருக்கும்? எங்கள் பகுதிப் பால்வாடியில் ஒரு காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். முப்பது முட்டை வைக்கும் காகிதத் தட்டை டீச்சர் பத்துக் குழியாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதி வைத்திருந்தார். நான்கு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எண்ணுக்குத் தக்கபடி புளியங்கொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் ஆறாவது குழியில் ஐந்து போட்டான். டீச்சர் "தப்பு" என்று சொல்லவில்லை. "இதுல எத்தனை, எண்ணு" என்றார். எண்ணினான், ஐந்து. "ஓரத்துல என்ன போட்டிருக்கு?" ஆறு. "அப்போ?" அவன் யோசித்தான். கொஞ்ச நேரம் ஆனது. டீச்சர் பேசாமல் இருந்தார். சுற்றி இருந்த எங்களுக்குத்தான் வாய் துறுதுறுத்தது. கடைசியில் இன்னொன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "இப்ப ஆறு" என்றான். கை, வாய், எழுத்து மூன்றும் ஒரே இடத்தில் முட்டிய அரை நிமிடம் அது.

அந்த அமைதியும் பாடத்தில் சேர்த்திதான். பெரியவர் கேள்வி கேட்டால், அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை முகத்தைப் படிக்கும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை: இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகள். ஒரு வரிசையை அகலப் பரப்பிவிட்டு "இப்போது எதில் அதிகம்?" என்றால், ஐந்து வயதுவரை பலரும் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள். 1974-இல் மக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் இதில் ஒரு குறும்புக் கரடி பொம்மையை நுழைத்தார்கள். கரடி வந்து வரிசையைக் கலைத்துவிடும். அப்போது பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேலை மெனக்கெட்டு வரிசையை மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், ஏதோ மாறியிருக்கத்தான் வேண்டும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் குழந்தையின் அறிவே கூடவும் குறையவும் தெரிகிறது.

தமிழ்நாட்டில் இந்த வழி தெரியாமல் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் முறையிலிருந்து வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, தரையில் வட்டமாகப் பிள்ளைகள், அவர்கள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கீழே இறக்கிய கரும்பலகை. அந்தக் கரும்பலகைக்காகவே அதைப் பாராட்டலாம். ஆனால் பல வகுப்புகளில் அட்டை எண்ணை முடிப்பதே வேலையாகி, ஆசிரியர் பேசுவது குறைந்துபோனது. கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ஆடல் பாடலோடு நடக்கிறது. அங்கன்வாடிக்கும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டம் உண்டு. புத்தகத்துக்கும் பொருளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

பஞ்சம் எதற்கு என்றால் அந்த அரை நிமிடத்துக்கு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணி வீட்டுக்குப் போக வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதையே செல்போனிலும் ஏற்ற வேண்டும். நடுவில் பதினைந்து இருபது பிள்ளைகள். இந்த மாநிலத்திலேயே 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை நடந்தது: கானிமியன், முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் நடத்தியது. பாதி மையங்களில் பாலர் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு ஒரே ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதற்கு மேல், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைந்திருந்தன. பாடத்துக்கு ஆள் வந்ததும், ஏற்கெனவே இருந்தவருக்குச் சாப்பாட்டையும் எடையையும் கவனிக்க நேரம் கிடைத்தது.

அன்று நான் பார்த்த பால்வாடியிலும் முட்டைத் தட்டு விளையாட்டு ஏழாவது குழியோடு நின்றது. வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் அட்டையோடு வந்து நின்றார். டீச்சர் எழுந்து போனார். பையன் மீதிக் கொட்டைகளை எட்டாவது குழியில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, "ஆயாம்மா, சாப்பாடு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிப் பக்கம் ஓடினான்.